கீறல் விழாத வண்டி

“நடிப்பு,” என்றார் மேனேஜர்.

வாயில் சிக்கிய உமியைத் துப்புகிற மாதிரி சொன்னார். கொக்கியின் காது சிவந்தது.

கோபம் வந்தால் அவளுக்கு முதலில் காது, அடுத்து மூக்கு நுனி, அதற்கப்புறம் எதிரில் இருப்பவர் பாடு. துப்பறிவது தொழில். கேள்வியில் மாட்டி ஆளை அலேக்காகத் தூக்கிவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். அப்பா மூட்டை சுமந்தவர். ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் குனிந்து பார்க்க முடியாமல், சோற்றை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சாப்பிட்டவர். கழுத்தைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் கொக்கிக்கு ஆகாது.

“பாருங்க.” மேனேஜர் போனைத் திருப்பிக் காட்டினார்.

வீடியோவில் ஒரு பெண் கடையிலிருந்து வெளியே வந்தாள். இரண்டு கையிலும் பை. கடைக்காரர் என்னவோ சொல்ல, சிரித்தாள். இந்தப் பார்சல் கிடங்கில் வேன் ஓட்டுகிறவள். சரக்கேற்ற வேன் வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து எதுவோ இடித்து, ஆறு மாதமாகக் கழுத்து வலி என்கிறவள்.

“சிரிப்பைப் பாத்தீங்களா? எக்ஸ்ரே சுத்தம். ஸ்கேன் சுத்தம். அவ ஓட்டின வண்டி கீழதான் நிக்குது, பின் பம்பரைத் தடவிப் பாருங்க, ஒரு கீறல் இல்ல. வண்டிக்கு ஒன்னும் ஆகல, உள்ள இருந்தவளுக்கு மட்டும் கழுத்து போச்சாம். சரி, இடிச்சது யாருன்னு கேட்டா, தெரியாதாம். வாயைத் திறந்தா பொய்.”

“சார், உங்களுக்குப் பல் வலி வந்திருக்கா?” என்றான் சில்லறை. கொக்கியின் உதவியாளன். வாயைத் திறந்தால் நக்கல் நாலாப் பக்கமும் சிதறும், பொறுக்க ஆள் வேண்டும்.

“வந்திருக்கு. ஏன்?”

“இல்ல, அதுக்கப்புறம் ஆயுசுக்கும் சிரிக்கலையோன்னு கேட்டேன்.”

மேனேஜர் அவனைப் பார்க்காமல் கொக்கியைப் பார்த்தார். “சாயங்காலம் முதலாளியம்மா வர்றாங்க. வேலையை விட்டு அனுப்புறோம். ஏமாத்தி லீவு எடுத்தான்னு போலீஸ்லயும் புகார் போகும். உங்களைக் கூட்டிட்டு வந்த அவ அண்ணன்கிட்ட சொல்லிடுங்க.”

“அந்த வீடியோவை இன்னொரு தடவை போடுங்க.”

போட்டார். பெண் தெருவில் இறங்கினாள். பின்னாலிருந்து கடைக்காரர் கூப்பிட்டார், மீதிப் பொருளை விட்டுவிட்டாள் போல. பெண் நின்றாள். காலைத் திருப்பி, இடுப்பைத் திருப்பி, தோளைத் திருப்பி, பீரோவை நகர்த்துகிற மாதிரி உடம்பு மொத்தத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

“இதை எடுத்தது அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாம எடுத்தது. அதனாலதான் இது ஆதாரம்.”

“ஆமா சார், ஆதாரம்தான்.” கொக்கி எழுந்தாள். “யாரும் பாக்கலைன்னு நெனைக்கிறப்பவும் கழுத்தைத் திருப்பலையே அவ. யாருக்காக நடிச்சா, அந்தக் கடைக்காரருக்காகவா?”

---

அண்ணன்காரன் தெருமுனை டீக்கடையில் காத்திருந்தான். அதே கிடங்கில் அவனும் வேன் ஓட்டுகிறவன். தங்கைக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது, குடிக்கவில்லை.

“என்னக்கா சொல்றான் அந்த ஆளு?”

“நடிப்புங்கிறார்.”

“அவன் வாயில மண்ணைப் போட.” கண்ணாடி கிளாஸை நங்கென்று வைத்தான். “அவ என்னக்கா தப்பு செஞ்சா? செவனேன்னு வரிசையில நின்னா. கண்ணாடியைப் பாக்கத் திரும்பினா. அந்த நேரம் பாத்து எவனோ பின்னாடி தட்டித் தொலைச்சுட்டான். அவ்வளவுதானே நடந்துச்சு?”

“எவன்?”

“யாருக்கு ஞாபகம் இருக்கு? தினம் வரிசை மாறும். அவளுக்கே அன்னிக்கு ஒன்னும் தெரியல, ராத்திரி வரைக்கும் வண்டி ஓட்டினா. மறுநாள் காலையில தலையைத் தூக்க முடியாமக் கிடந்தா. அப்புறம்தான் தெரியும்.” முழங்கையால் கண்ணைத் தேய்த்தான். “எப்படியாவது அவ சொல்றது நிஜம்னு காட்டிருங்கக்கா. ஊரெல்லாம் பொய்க்காரின்னு பேசுது.”

---

தங்கைக்குக் கழுத்துப் பயிற்சி தருகிற பிசியோவின் அறையில் மருந்தெண்ணெய் வாடை. தங்கை கட்டில் விளிம்பில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். கொக்கி உள்ளே வந்ததும் கழுத்தை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் திருப்பினாள்.

“வாங்கக்கா. நீங்களும் சோதிச்சுப் பாத்துக்குங்க. ஊசியால குத்திப் பாக்குறீங்களா?”

“என்மேல ஏன் பாயுறே?”

“வேற யார்மேல பாயுறது? வலி வர்றது ஒரு வேலைன்னா, வலிக்குதுன்னு நிரூபிக்கிறது அதைவிடப் பெரிய வேலையா இருக்கு. சிரிச்சா வலி இல்லைங்கிறாங்க. அழுதா நடிப்புங்கிறாங்க. மூஞ்சியை எப்படித்தான் வெச்சுக்கிறது?”

“என் மூஞ்சி மாதிரி வெச்சுக்குங்க,” என்றான் சில்லறை. “யாரும் எதையும் எதிர்பாக்க மாட்டாங்க.”

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதையும் விழுங்கிக்கொண்டாள்.

கொக்கி பிசியோவிடம் திரும்பினாள். நடுத்தர வயது, தடித்த விரல்கள், வேலை செய்கிற கை. “குற்றவாளி யாருன்னு சொல்லுங்க டாக்டர். ஆறு மாசமா ஏன் போகல இந்த வலி?”

“நான் டாக்டர் இல்ல, பிசியோ. குற்றவாளி ஒருத்தரும் இல்ல.”

“கும்பலா?” என்றான் சில்லறை.

“கும்பல்தான்.” பிசியோ அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் முதுகெலும்பை எடுத்தார். “பின்னாடி இருந்து இடிச்சா சீட்டு முதுகை முன்னாடி தள்ளும். தலை பின்தங்கி நின்னுடும். நடுவுல மாட்டுறது கழுத்து. இங்க பாருங்க, பின்பக்கம் ஜோடி ஜோடியா சின்ன மூட்டுங்க. இதுங்க நசுங்கும், சுத்தியிருக்கிற உறை இழுபடும். எலும்பு உடையாது. அதனால எக்ஸ்ரேயில ஒன்னும் தெரியாது.”

“ஸ்கேன்ல?”

“பல பேருக்கு அதுலயும் தெரியாது. வலியைப் படம் எடுக்க மெஷின் வரல. இது கும்பல்ல முதல் ஆள். ரெண்டாவது, நரம்பு. திருடன் ஓடிப் போன பிறகும் அடிச்சிட்டே இருக்கிற அலாரம் பாத்திருக்கீங்களா? சில பேருக்கு நரம்பு அப்படி ஆயிடும். தொட்டாலே அலறும். மூணாவது, இவங்க கழுத்துல பட்டையைக் கட்டி, அசைக்கவே கூடாதுன்னு மாசக்கணக்கா உக்கார வெச்சது. மெதுவா அசைக்கப் பழக்கியிருக்கணும். கழுத்து அசையவே பயந்து போச்சு.”

“அதைக் கட்டினது கம்பெனி டாக்டர்,” என்றாள் தங்கை. “கட்டினதும் அவங்கதான், கட்டிக்கிட்டு நடிக்கிறான்னதும் அவங்கதான்.”

“நாலாவது?” என்றாள் கொக்கி.

பிசியோ அந்தப் பெண்ணைக் காட்டினார். “தூக்கம் இல்ல. வேலை போயிடுமோன்னு பயம். தினம் நாலு பேர் பொய்க்காரிங்கிறாங்க. அது வலியை உண்டாக்கல. வந்த வலியைப் போக விட மாட்டேங்குது.” முதுகெலும்பைத் திருப்பி வைத்தார். “எனக்குப் புரியாதது ஒன்னுதான். வலி ஒரு பக்கமாவே நிக்குது. தலை திரும்பியிருக்கிறப்ப இடி வாங்கினா இப்படி ஆகலாம், அடியும் மோசமா விழும். இவங்க நேரா பாத்தேங்கிறாங்க.”

“நேராத்தான் பாத்தேன்,” என்றாள் தங்கை.

சட்டென்று வந்தது பதில். கேட்பதற்கு முன்பே வாசலில் வந்து நின்ற பதில். காலையில் டீக்கடையில் ஆறிப்போன டீ கொக்கியின் நினைவுக்கு வந்தது.

---

கிடங்கு வாசலில் வாட்ச்மேன் கூண்டுக்குள் நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். தலைக்கடியில் கறுப்பு ரெக்சின் தலையணை.

“அண்ணே,” என்றான் சில்லறை, “உங்க தலகாணிக்கு ரெண்டு கால் இருக்கே.”

உண்மைதான். தலையணைக்கு அடியில் இரண்டு இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. வாட்ச்மேன் எழுந்து அதைப் புரட்டிப் பார்த்தார். “வேன் சீட்டுல தலைக்குப் பின்னாடி நிக்குமே தம்பி, ஹெட்ரெஸ்ட். ஸ்டோர்ல மலையா குவிஞ்சு கிடக்கு. வீணாப் போகுதேன்னு ஒன்னு எடுத்துக்கிட்டேன்.”

“யாரு கழட்டச் சொன்னது?”

“மேனேஜர்தான். டிரைவர் இறங்கி, பின்கதவைத் திறந்து பார்சல் எடுத்தா நேரமாகுதாம். உக்காந்த இடத்துல இருந்தே பின்னாடி கையை விட்டு எடுக்கணும். அதுக்கு இது இடைஞ்சல்.”

கொக்கி உள்ளே நடந்தாள். ஒரு பக்கம் சரக்கேற்றும் மேடை, இன்னொரு பக்கம் மதில் சுவர். நடுவில் வேன்கள் எறும்பு வரிசையாக நின்றன. டிரைவர் பக்கம் மதிலை ஒட்டி இருந்தது, பூனை போகக்கூட இடம் இல்லை, ஏறுவதும் இறங்குவதும் மேடைப் பக்கக் கதவு வழியாகத்தான். முன் வேன் நகர்ந்தது. அடுத்தவன் கவனிக்கவில்லை. அவனுக்குப் பின்னால் இருந்தவன் வண்டியை மெல்ல உருட்டி, பம்பரால் அவன் பம்பரில் ஒரு தட்டுத் தட்டினான். டொப். தட்டு வாங்கியவன் திட்டவில்லை, திரும்பவில்லை, நகர்ந்து போனான்.

“என்ன இது?” என்றாள் கொக்கி.

“அதுவா?” வாட்ச்மேன் பின்னாலேயே வந்திருந்தார். மாடி ஜன்னலுக்குக் கீழே தொங்கின பலகையைக் காட்டினார். ஹாரன் அடிக்காதே. “மேல மேனேஜர் ரூம். போன்ல பேசுறப்ப சத்தம் ஆகாது அவருக்கு. அதனால எல்லாம் தட்டுப் பாஷைதான். ஒரு தட்டுன்னா நகரு. ரெண்டு தட்டுன்னா, தூங்குறியாடான்னு அர்த்தம். கீறல் விழாம இருக்கத்தான் டயரை அறுத்து மாட்டியிருக்கோம்.”

ஒவ்வொரு பம்பரிலும் தடித்த டயர்த் துண்டு போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. கொக்கி அதைக் குத்திப் பார்த்தாள். விரல் முட்டி வலித்தது.

“முட்டைப் பெட்டியைக் கீழ போட்டா பெட்டிக்கு ஒன்னும் ஆகாது பாஸ்,” என்றான் சில்லறை. “ஆம்லெட் உள்ளதான் இருக்கும்.”

“அவ வண்டியில நான் ஏறுறேன். நீ பின் வண்டியில ஏறு.”

சீட்டில் தலைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, வெறும் காற்று. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மதில் சுவர். பின்னால் ஜன்னல் இல்லாத தகரக் கதவு. பின்பக்கம் என்ன வருகிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரே வழி, தலையைத் திருப்பிப் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்ப்பது. பார்த்தாள். கண்ணாடி நிறையச் சில்லறையின் பல்.

“பாஸ், உங்க மூஞ்சி தெரியுது,” என்று கத்தினான். “கடுகடுன்னு இருக்கு.”

கொக்கி அப்படியே உட்கார்ந்திருந்தாள். காதின் சிவப்பு மெல்ல இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொரு கோபம் ஏறி உட்கார்ந்தது. மேனேஜர்மேல் வந்ததைவிடக் கசப்பானது.

---

முதலாளியம்மா சாயங்காலம் வந்தார். வெளுத்த தலை, வளவளவென்று பேசாத வாய். மேனேஜர் மாடிக்குக் கூப்பிட்டார். கொக்கி மறித்தாள்.

“மேல வேண்டாம்மா. கீழ வண்டிகிட்டயே பேசிடலாம். சீக்கிரம் முடிஞ்சிடும்.”

சரக்கேற்றுகிற வேலை நின்றது. டிரைவர்கள் மேடை மேல் கூடினார்கள். தங்கைக்கு யாரோ நாற்காலி போட்டார்கள். அண்ணன் அவளுக்குப் பின்னால் நின்றான்.

மேனேஜர் பழைய பாட்டையே பாடினார். எக்ஸ்ரே, ஸ்கேன், கீறல் இல்லாத பம்பர். “நடக்குற வேகத்துல ஒரு தட்டும்மா. இங்க தினம் எல்லாரும் வாங்குறது. இதுக்கெல்லாம் கழுத்து போகும்னா இந்த யார்டுல ஒருத்தனுக்கும் தலை நிக்காது.”

“வெறும் தட்டுதான்?” என்றாள் கொக்கி.

“வெறும் தட்டு.”

“அப்போ ஏறி உக்காருங்க சார். அவ வண்டி, அவ சீட்டு. அவ எப்படி இருந்தாளோ அப்படியே. பின்னாடி என் பையன் ஒரே ஒரு தட்டு தட்டுவான். நீங்க சிரிச்சுக்கிட்டே இறங்கி வந்தா, நானே அவளைப் பொய்க்காரின்னு எழுதித் தர்றேன்.”

மேடை மேல் யாரோ விசிலடித்தார்கள். மேனேஜர் முதலாளியம்மாவைப் பார்த்தார். அவர் சீட்டைக் கண்ணால் காட்டினார். வேறு வழியில்லாமல் மேனேஜர் ஏறினார்.

“முன்னாடி பாக்காதீங்க. தலையைத் திருப்பிக் கண்ணாடியைப் பாருங்க.”

சில்லறை பின் வண்டியைக் கிளப்பினான். அவனுக்கே உரிய குசும்போடு, வேண்டுமென்றே ஒரு தடவை உறுமவிட்டான். வண்டி உருண்டது. கண்ணாடியில் டயர் கட்டிய பம்பர் பெரிதாகிக்கொண்டே வந்தது.

மேனேஜரின் தோள் இரண்டும் காதைத் தொட்டன. தலை ஆமை மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டது. வலது கை அவரைக் கேட்காமலே எழுந்து, பின்கழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

சில்லறை பிரேக்கை மிதித்தான். டயருக்கும் டயருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி.

“இன்னும் தட்டவே இல்ல சார்,” என்றாள் கொக்கி.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற விஷயமாக அது இல்லை. மேடை மேல் நின்றவர்களில் நாலைந்து பேர் தங்கள் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவனை அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

மேனேஜர் குதித்து இறங்கினார். முகம் வெளிறி, பிறகு கறுத்தது. “கூத்து காட்டுறீங்களா? சரி, இடிச்சான், வலிச்சுது, எல்லாம் வெச்சுக்குவோம். இடிச்சவன் எங்க? ஆறு மாசமா கேக்குறேன். அவனை முன்னாடி நிறுத்துங்க, ஒத்துக்கிறேன்.”

“நிறுத்துறேன்,” என்றாள் கொக்கி. திரும்பி அண்ணனைப் பார்த்தாள். “தம்பி, காலையில என்கிட்ட என்ன சொன்னே? அவ கண்ணாடியைப் பாக்கத் திரும்பினான்னு சொன்னே. உன் தங்கச்சி யார்கிட்டயும் அதைச் சொன்னதில்ல. நேரா பாத்தேன்னுதான் பிசியோகிட்டகூடச் சொல்றா. கண்ணாடியைப் பாத்தேன்னா, யாரைப் பாத்தேன்னு கேப்பாங்களே. இந்தப் பக்கம் சுவர், பின்னாடி தகரம். அவ முகத்தைக் கண்ணாடியில பாக்கணும்னா, ஒரே ஒரு இடத்துல, பின் வண்டி ஸ்டியரிங்ல, உக்காந்திருக்கணும்.”

அண்ணன் நாற்காலியை விட்டு ஒரு அடி பின்வாங்கினான்.

“அவர் இல்ல,” என்றாள் தங்கை. “அண்ணன் அன்னிக்கு வரிசையிலயே இல்ல. எனக்குத் தெரியும்.”

“போதும்மா. இந்த ஒரு பொய்க்காகத்தான் உன்னை முழுப் பொய்க்காரின்னு பேர் கட்டினாங்க. இன்னும் எத்தனை நாளைக்குச் சுமப்பே?”

“நான்தான்,” என்றான் அண்ணன்.

மேடை வரைக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னான். “நான்தாம்மா. முன்னாடி இடம் காலியாச்சு, இவ கவனிக்கல. ஒரு தட்டு தட்டினேன். யாருடா அதுன்னு கண்ணாடியைப் பாத்தா. விளையாட்டா ரெண்டாவதைக் கொஞ்சம் வேகமா தட்டிட்டேன். தட்டுறதெல்லாம் ஒரு விஷயமாம்மா இங்க? சாயங்காலமே மறந்துட்டேன். மறுநாள் இவ எழுந்திருக்கலைன்னதும்தான் அது என் தட்டுன்னு உறைச்சுது. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... அப்புறம் வாய் வரல.”

மேனேஜருக்கு உயிர் திரும்பி வந்தது. “பாத்தீங்களாம்மா. அண்ணனும் தங்கச்சியும் கூட்டு. ரெண்டு பேரையும் சேத்து...”

“நீங்க முதல்ல கழுத்துல இருந்து கையை எடுங்க,” என்றார் முதலாளியம்மா.

மேனேஜரின் கை இன்னும் அங்கேயே இருந்தது. அவருக்கே தெரியவில்லை.

முதலாளியம்மா வேனுக்குள் எட்டிப் பார்த்தார். தலைக்குப் பின்னால் இருந்த வெறும் காற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “கழட்டினதை எல்லாம் நாளைக்குக் காலையில மாட்டியிருக்கணும். இந்தப் பொண்ணு வேலையில இருக்கா. புகாரும் கிடையாது, ஒன்னும் கிடையாது.” மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். “அந்தப் பலகையையும் இறக்குங்க. சத்தம் பிடிக்கலைன்னா நீங்க ரூமை மாத்திக்குங்க.”

தங்கை நாற்காலியிலிருந்து எழுந்தாள். அண்ணனைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப முடியாமல், காலையும் இடுப்பையும் தோளையும் திருப்பி, முழுசாக அவன் எதிரில் வந்து நின்றாள்.

“கண்ணாடியில நான் உனக்குத் தெரிஞ்சா, நீ எனக்குத் தெரிய மாட்டியாண்ணே? சிரிச்சுக்கிட்டே தட்டினே. அன்னிக்கே பாத்தேன்.”

அவன் அவளுடைய கையைப் பிடிக்க வந்தான். அவள் கொடுக்கவில்லை.

“உன் வேலை போயிடக் கூடாதுன்னு நான் வாயை மூடிக்கிட்டேன். என்னை நடிக்கிறான்னு சொன்னப்ப நீ எதுக்கு வாயை மூடிக்கிட்டே? ஆளைக் கூட்டிட்டு வந்து கண்டுபிடிக்கச் சொல்லத் தெரிஞ்சுதே, ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா?”

கொக்கி சில்லறையைப் பார்த்தாள். ஏதாவது சொல்லி ஆறப்போடுவான் என்று நினைத்தாள். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“போ,” என்றாள் தங்கை. “உன் வண்டியை எடு. எல்லாருக்கும் வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது.”

அவன் போய் ஏறினான். முன்னால் நின்ற வேன் நகர வேண்டும், அதன் டிரைவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி இன்னும் மேடையையே வாய் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணனின் கால் பழக்கத்தில் பிரேக்கை விட்டது. வண்டி அரை அடி உருண்டது. மேடை மேல் இருந்த எல்லாருடைய கண்ணும் அந்த இரண்டு டயர்த் துண்டுகளுக்கு நடுவில் போய் நின்றது.

பிரேக் போட்டான். கையைத் தூக்கி ஸ்டியரிங் நடுவில் ஹாரன் மேல் வைத்தான். ஆறு மாதமாக வாயில் வராததை எல்லாம் சேர்த்து, மாடி ஜன்னல் கண்ணாடி அதிர, கையை எடுக்காமல் அழுத்தினான்.